பதினாலாம் பக்கத்து நண்டு

கோடுகள் யசிந்தனுடையவை.
கொக்குவிலில் இருந்து இரவு பதினொன்றரைக்கு அனுப்புவான்:
கறுப்பில் ஒரு நண்டு, கண்டல் மரம்,
செருப்பில்லாத ஒரு பெட்டை,
வானத்துக்கென்று விட்ட வெறுமை.
“மிச்சம் உங்கட கை, அக்கா.”

மிச்சம் என்றால்
நேரம் என்ன என்பது.
வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பது.
சேறு காய்ந்ததா, இப்போதுதான் நீர் வற்றியதா என்பது.

முதலில் தட்டையாக நிரப்ப வேண்டும்.
கோட்டில் ஒரு மயிரிழை விட்டிருந்தாலும்
கடல் முழுவதும் அந்தப் பெட்டையின் சட்டைக்குள் போய்விடும்.
அடைப்பேன். திரும்ப ஊற்றுவேன்.
இரவு ஒரு மணிக்கு நான் அணைகட்டுகிற ஆள்.

மென்பொருள் ‘தோல்’ என்று ஒரு சதுரம் வைத்திருந்தது,
பீச் பழத்தின் நிறம்.
நான் பீச் பழம் கடித்ததில்லை.
அதை அழித்துவிட்டு என் பெட்டியை நானே நிரப்பினேன்:
உரும்பிராய் மண், மழை விட்ட மறுநாள்.
சின்ன வெங்காயம், இரண்டாம் தோல்.
பண்ணைக் கடல், ஐந்தே முக்கால்.
காரைநகர் பஸ் சீற், கிழிந்த இடம்.
பெட்டைக்கு என் தங்கச்சியின் முழங்கை.

நண்டுக்குச் சிவப்பு. யோசிக்கவே இல்லை.
“அவிச்ச நண்டுதான் சிவப்பு” என்றார் என் மனுசன்
தோளுக்கு மேலால் பார்த்து.
“உயிரோட அது சேத்து நிறம்.”
சின்னப் பிள்ளையளின்ர புத்தகம், பேசாமல் இருங்கோ என்றேன்.

ஐந்நூறு பிரதி.
குருநகரில் ஒரு மூன்றாம் வகுப்பு.
பதினாலாம் பக்கத்தை மிஸ் தூக்கிப் பிடித்து
“நண்டு எங்க ஒளிச்சிருக்குது?” என்று கேட்க
முப்பது விரல் ஒரே இடத்துக்குப் பாய்ந்தது.
ஒரு விரல் மட்டும் இலையிலே ஊர்ந்து
சேற்றில் இறங்கி
தாளின் ஓரத்தில் நின்றது.

அன்ரன் ஜெறோன். தகப்பன் நண்டு வலை போடுகிறவர்.
“வடிவாப் பார்,” என்றார் மிஸ்.
வடிவாகத்தான் பார்த்தான்.
“நண்டெண்டால் அசையும் மிஸ்.
இதில ஒண்டும் அசையேல்லை.”
வகுப்பு சிரித்தது.
பின்வாங்கில் இருந்த நானும், முதல் ஒரு விநாடி.

பச்சையும் சிவப்பும் அவனிடம்
ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

வீட்டுக்கு வந்து, பக்கத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்தேன்.
சாம்பல் மிஞ்சியது.
இலையும் நண்டும் ஒரே சாம்பல்,
ஓடு எது, காம்பு எது என்று எனக்கே தெரியவில்லை.
அனுப்ப முன் இப்படி ஒருக்கால் பார்க்கவேண்டும் என்பது
இந்த வேலையின் முதல்நாள் பாடம்.
அவசரம். அச்சகம். பக்கக் கணக்கில் காசு.
சாட்டு நிறைய இருந்தது.

இலையை இருட்டாக்கினேன். போதவில்லை.
நண்டின் முதுகுக்கு ஒரு வெளிச்சம் வேண்டும்,
வெளிச்சம் விழ வெயில் சாய வேண்டும்,
வெயில் சாய்ந்தால் பெட்டையின் நிழல் நீளும்,
சேறு ஊதாவாகும்,
பதின்மூன்றும் பதினைந்தும் பின்னாலேயே இழுபடும்.
கரண்ட் நின்றது. யூபிஎஸ் கீச்சிட்டது. சேமித்தேன்.
ஒரு நண்டுக்காக
மத்தியானத்தைப் பின்னேரமாக்கி முடிக்க
விடிந்துவிட்டது.

இரண்டாம் பதிப்பு வந்தால் பார்ப்பம் என்றார் அச்சகக்காரர்.
ஆஸ்பத்திரி வீதிக் கடையில்
அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தேன், நூற்றிருபது ரூபா.

ஜெறோன் தாளை மடியில் வைத்தான்.
விரல் நேரே போனது.
போன விரல் அங்கேயே நடந்தது,
உதடு அசைந்தது, திரும்பவும் முதலிலிருந்து.
“மிஸ், கால் ஒன்பதுதான் இருக்குது.”

எண்ணினேன். ஒன்பது.
படம் எடுத்து யசிந்தனுக்கு அனுப்பினேன்:
மிச்சம் உன்ர கை, தம்பி.